இன்னும் கால் சுற்று

"அதைப் பிரிக்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க."

"பிரிச்சாச்சு."

"எதை?"

"சீட்டை மட்டும்தான். வேற ஒண்ணும் தொடலை."

"சீட்டை மட்டும் பிரிச்சவர் கையில எதுக்கு நாலு ஸ்பேனர்?"

குழாய்க்காரர் ஸ்பேனர்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. வீட்டுக்குப் பக்கவாட்டில், கைவீசி நடக்க இடமில்லாத சந்து. அங்கே பைக்கை நிறுத்தி, அடியில் ஒரு சாக்கை விரித்து, குளியலறை முக்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷமாகக் குழாய் வேலை. மண்டி போட்டுப் போட்டு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும்.

அவர் மனைவி வாசற்படியில் வாளியோடு நின்றாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வாரத்தில் ஆறு நாள் ஊரார் படுத்த விரிப்புகளை ஆவியில் வேகவைத்துப் பிழிந்து உருளையில் விட்டு மடிப்பாள். ஏழாம் நாள் வீட்டுத் துணி. கையில் சோப்பு வாசனை போய் வருஷம் மூன்றாகிறது, மருந்து வாசனைதான். அந்த மூன்று வருஷமும் தற்காலிகம். செவ்வாய்க்கிழமை நிரந்தரப் பட்டியல் ஒட்டப்போகிறார்கள். ஆறு மாதத்தில் மூன்று தடவை தாமதமாக வந்தவர்கள் பெயர் அதில் இருக்காது. அவள் பெயருக்கு எதிரே இரண்டு சிவப்புச் சுழி விழுந்தாகிவிட்டது. இரண்டும் இந்த பைக்கால்.

"நாளைக்கு ஆறு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடணும். முதல் பஸ்ஸே ஆறுக்குத்தான். அது ஞாபகம் இருக்கா?"

"அதுக்காகத்தானே பிரிக்கிறேன்! நடுரோட்டுல நிக்கிற வண்டியை நம்பி உன்னைக் கூட்டிட்டுப் போகவா?"

"மெக்கானிக் தம்பிகிட்ட காட்டலாம்ல."

"அவன்கிட்ட ரெண்டு தடவை காட்டியாச்சு. ஒண்ணும் இல்லண்ணே, ஒண்ணும் இல்லண்ணேன்னு திருப்பிக் குடுத்தான். ஒண்ணும் இல்லாத வண்டியா பாலத்துக்கு முன்னாடி பொத்துனு நிக்குது?"

உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ரெண்டு தடவையும் திங்கக்கிழமைதான்ப்பா. அதுக்கும் வேலைக்குப் போகப் பிடிக்கலை போல."

"நீ பாடத்தைப் பாரு."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். அம்மா, அப்பா நேத்தே பெட்ரோலும் தளும்பத் தளும்ப நிரப்பிட்டு வந்துட்டாரு. எல்லா ஏற்பாடும் பண்ணிட்டுத்தான் நம்மகிட்ட சொல்றாரு."

மனைவி வாளியைக் கீழே வைத்தாள்.

"உங்க கைக்கு ஒரு இடத்துல சும்மா இருக்கத் தெரியாது. மழைக்காலத்துல பெட்ரோல் மூடியில தண்ணி இறங்குதுன்னு அந்தக் குட்டி ஓட்டையைப் பசை வச்சு அடைச்சீங்க. எதுக்கோ வச்சிருப்பாங்களேன்னு கேட்டேன். உனக்கென்ன தெரியும், ஓட்டைன்னு இருந்தா அடைக்கணும்னு சொன்னீங்க."

"அப்புறம் தண்ணி இறங்குச்சா?"

"இறங்கலை."

"அவ்வளவுதான்."

இப்படித்தான் அவர் எதையும் முடித்துவைப்பார். ஒழுகக்கூடாது, அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். குழாயை மாட்டி முடித்து, போதும் என்று எல்லோரும் சொன்ன பிறகு, "இன்னும் கால் சுத்து" என்று முனகிக்கொண்டு ரெஞ்சை ஒரு இழு இழுப்பார். அவர் மாட்டிய இணைப்பு ஒழுகியதாகப் பேச்சே இல்லை. மற்றவர்கள் கையை வைத்துவிட்டுக் கூப்பிட்டால்தான் அவருக்கு ஆகாது. "எல்லாத்தையும் நீங்களே நோண்டிட்டு, உசிரு போனப்புறம் என்னைக் கூப்பிடுறீங்க" என்று வீட்டுக்காரரை நிற்கவைத்துச் சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பார்.

அதையே போன மாதம் மெக்கானிக் வீட்டுச் சமையலறையிலும் சொன்னார். சொட்டுகிற குழாயை மெக்கானிக் தானே கழற்றிப் பார்த்திருந்தான். அவன் மனைவி பக்கத்தில் நின்றாள். "வண்டியும் பார்க்கத் தெரியலை, குழாயும் பார்க்கத் தெரியலை, என்னதான்டா தெரியும் உனக்கு?" என்று வாய்தவறி ஒரு வரி கூடிப்போயிற்று. மெக்கானிக் பையை எடுத்து அவர் கையில் கொடுத்து, "நீங்க போங்கண்ணே" என்றான். அதற்குப்பிறகு அவன் கடை இருக்கும் தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகத்தான் இவர் போய்வருகிறார்.

பிளக்கைக் கழற்றும்போது மணி எட்டு. அதைத் துடைத்துத் திரும்பப் பொருத்த எட்டேமுக்கால், ஏனென்றால் ஸ்பேனர் உள்ளே போனால் கை போகவில்லை, கை போனால் ஸ்பேனர் திரும்பவில்லை. புறங்கையில் தோல் உரிந்தது. குழாய் என்றால் சுவரோடு இருக்கும், நாம் போய் வேலை செய்யலாம். இது ஒரு திருகைத் தொடவே மூன்று திருகைக் கழற்றச் சொல்கிறது. கார்புரேட்டரை இறக்கிச் சோறு வடிக்கிற தட்டில் வைத்துப் பிரித்தார். உள்ளே இருந்த பித்தளைத் துண்டுகள் கம்மல் திருகாணி அளவுதான். அதில் ஒன்று துள்ளி எங்கேயோ போயிற்று.

"யாரும் நடக்காதீங்க! அப்படியே நில்லுங்க!"

"நான் துணி காயப்போடணும்."

"ஒரு நிமிஷம் நில்லு, தாயே."

அரை மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேடினார்கள். மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மேலிருந்து வழிகாட்டினார்.

"சாக்கடைப் பக்கம் பார்த்தீங்களா? உருண்டு போகிற பொருள் பள்ளத்தைத்தான் தேடும்."

"பார்த்தாச்சு சார்."

"எனக்கென்னவோ செயின்ல கோளாறுன்னு படுது."

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா சார்?"

"தெரியாது. ஆனா சத்தத்தை வச்சுச் சொல்லிடுவேன்."

"வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகலையே சார்."

"அதான் சொல்றேன், சத்தமே சரியில்லை."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். காணாமல்போன துண்டு கடைசியில் குழாய்க்காரரின் கால்சட்டை மடிப்பிலேயே இருந்தது. அதை எடுத்துக் காட்டியபோது மனைவி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "சாப்பிட வாங்க" என்றாள். கை நிறைய கறுப்பு எண்ணெய். அரப்பும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தும் போகாமல், கரண்டியால் சாப்பிட்டார். சோறும் முட்டையும். இரண்டிலும் பெட்ரோல் ருசி.

சாப்பிட்ட கையோடு ஆயில் மாற்ற உட்கார்ந்தார்.

"அதையும் எதுக்கு? அது நல்லாத்தானே இருக்கு."

"பிரிச்சதோட பிரிச்சதா மாத்திடலாம். சூட்டுல நிக்குதோ என்னவோ."

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்ற, கறுப்பு எண்ணெய் டப்பாவில் இறங்கியது. வடிந்து முடிந்ததும் போல்ட்டைத் துடைத்தார். பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்தார். குழாய் மரையில் சுற்றுகிற அதே டேப். ஏழு சுற்றுச் சுற்றி, விரலால் முடுக்கி, பைப் ரெஞ்சைப் போட்டு இறுக்கினார்.

"அப்பா, நான் போன்ல பார்த்த வீடியோல டேப்பெல்லாம் சுத்தலையே."

"வீடியோக்காரனுக்கு ஒழுகினா அவன் வீட்டுத் தரை. இங்க ஒழுகினா உங்கம்மா."

மூன்று மணிக்கு எல்லாம் மாட்டியாயிற்று. ஒரு வாஷர் மட்டும் மிச்சம். அதை யாரும் பார்ப்பதற்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆறாவது உதையில் பைக் கிளம்பியது. சந்து முழுக்கப் புகை. மாடியில் வாத்தியார் கை தட்டினார்.

"பாலம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். அப்பத்தான் நம்பிக்கை வரும்."

"போதும்ங்க. ஓடுதுல்ல."

"பத்து நிமிஷம்."

பத்தாவது நிமிஷத்தில், பாலத்துக்கு முன்னால் இருக்கும் கூரை ஓட்டுக் கிடங்குக்கு எதிரே, அதே இடத்தில், இருமி இருமி நின்றது பைக்.

வெயில். ஒரு மரம் இல்லை. கிடங்கு பூட்டிக் கிடந்தது. குழாய்க்காரர் இறங்கி, பைக்கைச் சாய்த்து நிறுத்தி, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். பிளக்கைப் பார்த்தாயிற்று. கார்புரேட்டரைப் பார்த்தாயிற்று. ஒரு நாள் முழுக்கப் போயிற்று. பார்க்காதது பெட்ரோல் மட்டும்தான், அதுவும் நேற்றுத்தான் தளும்ப நிரப்பியது. வேறு செய்வதற்கு ஒன்றும் தோன்றாததால் எழுந்து சாவியைப் போட்டு மூடியைத் திறந்தார்.

ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போயிற்று.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வாய் தானாகச் சொல்லியது: "தொட்டிக்குக் காத்து ஓட்டை."

எத்தனை வீட்டு மொட்டைமாடியில் நின்று அவரே சொல்லியிருக்கிறார்! தொட்டியை இப்படிக் காற்றுப் புகாமல் மூடினால் கீழே தண்ணி எப்படி வரும், இறங்குற தண்ணிக்கு ஈடாக் காத்து வேணாமா என்று. இதுவும் தொட்டிதான். இதிலிருந்து போவதும் குழாய்தான். தளும்ப நிரப்பி முதல் தடவை ஓட்டும்போது உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, பத்து நிமிஷத்தில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். பாதித் தொட்டியோடு கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது. மெக்கானிக் ஒன்றும் இல்லை என்று சொன்னது பொய்யில்லை. அந்த இரண்டு திங்கட்கிழமைக்கும் முந்தின சனிக்கிழமை தளும்ப நிரப்பியவர் இவர். இரண்டு சிவப்புச் சுழியும் இவர் போட்டவை.

பாக்கெட்டில் இருந்த ஆணியால் மூடியில் கல்லாகிக் கிடந்த பசையைக் குத்திக் குத்தி எடுத்தார். மூடியை மாட்டி ஒரே உதை. பாலம் ஏறி, இறங்கி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். பைக் ஓரிடத்திலும் முனகவில்லை. அதன்மேல் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் உடம்பெல்லாம் கனத்தது.

"என்ன ஆச்சு? பத்து நிமிஷம்னு சொல்லி ஒரு மணி நேரம்?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ப் பார்த்தேன். நிக்கலை. இனிமே நிக்காது."

"எது சரியா இல்லையாம்?"

"கார்புரேட்டர்ல அடைப்பு" என்றார் அவர், பைக்கைப் பார்த்துக்கொண்டே.

மனைவியின் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக வெளிச்சம் வந்தது. "பரவாயில்லையே! வீட்டுலயே மெக்கானிக்கு" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். டம்ளரோடு திரும்பி வந்தபோது அவர் தரையில் முகத்தை வைத்துப் படுத்திருந்தார்.

"என்னங்க? முட்டியா?"

"சொட்டுது."

எஞ்சினுக்கு அடியில் அந்த போல்ட்டின் நுனியில் ஒரு சொட்டு நின்றது. விழவில்லை. நின்றுகொண்டிருந்தது.

"ஒரு சொட்டுதானே?"

"ஒரு சொட்டுன்னா? ராத்திரி முழுக்க ஒரு சொட்டு ஒரு சொட்டா..."

"அடியில ஒரு கிண்ணம் வைக்கிறேன். டீயைக் குடிங்க."

"கிண்ணம் வைக்கிற வேலையா நான் செய்யறது? முப்பது வருஷத்துல நான் போட்ட எதுவும் சொட்டினதில்லை. நீ போ, ஒரு கால் சுத்து. அவ்வளவுதான்."

"வேணாம்ங்க. ஓடுற வண்டி. என் வேலை அதுமேல இருக்கு. கை வைக்காதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்."

பைப் ரெஞ்சு ஏற்கெனவே போல்ட்டைக் கவ்வியிருந்தது. அவர் மூச்சைப் பிடித்து இழுத்தார். முதலில் கனமாகத் திரும்பியது. பிறகு லேசாகத் திரும்பியது. பிறகு ஒரு சுற்று, இரண்டு சுற்று, வெண்ணெயில் கத்தி மாதிரி, எங்கேயும் பிடிக்காமல். அவர் ரெஞ்சை எடுத்ததும் போல்ட் தானாகச் சாக்கில் விழுந்தது. அதன் மரையில் வெள்ளை டேப்போடு எஞ்சினின் அலுமினியச் சுருள்களும் சுற்றிக்கொண்டு வந்திருந்தன. பின்னாலேயே புது ஆயில், சூடாக, நிதானமாகக் கொட்டியது.

மாடியில் வாத்தியார் வாயைத் திறந்து, கீழே பார்த்து, மூடிக்கொண்டார்.

மனைவி டீ டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தாள். காலில் செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"மெக்கானிக் தம்பி வீட்டுக்கு. நீங்களும் வரணும்னு இல்ல."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். "நானே போறேன்" என்றார்.

மெக்கானிக் வந்தான். டார்ச்சைப் பிடித்து அடியில் பார்த்தான். போல்ட்டைக் கையில் எடுத்து, அந்த டேப்பை நகத்தால் ஒரு முறை சுரண்டினான். குழாய்க்காரர் காத்திருந்தார். எல்லாத்தையும் நீங்களே நோண்டிட்டு என்று தொடங்கப்போகிறான், மகள் எதிரில், மனைவி எதிரில், மாடி கேட்க. சொல்லட்டும்.

"பைப் ரெஞ்சாலயாண்ணே?"

"ஆமாம்."

"இது கையால மாட்டி, சின்ன ஸ்பேனரால லேசா ஒரு அழுத்து. அவ்வளவுதான் தாங்கும்." மெக்கானிக் எழுந்தான். "மரை போயிடுச்சு. லேத்துப் பட்டறையில குடுத்துப் புது மரை போடணும். புதன்கிழமை ஆயிடும்."

"நாளைக்குக் காலையில அக்காவுக்கு..." என்று இழுத்த குழாய்க்காரர் சட்டைப் பையில் கிடந்த வாஷரைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மாவுக்கு ஆறு மணிக்குள்ள போகணும் அண்ணே" என்றாள் மகள். "வாடகை வண்டிக்குப் போன்ல பார்த்துட்டேன். அந்த நேரத்துக்கு இந்தப் பக்கம் யாரும் வர்றதில்லை. ஒரு தடவை வரேன்னு சொல்லிட்டு வரவே இல்லை."

"உங்க பைக்கைக் குடுங்க தம்பி, ஒரே ஒரு நாள்" என்றாள் மனைவி.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "எங்கிட்ட ஏதுக்கா பைக்? நாள் முழுக்க அதோட மல்லுக்கட்டிட்டு, வீட்டுலயும் ஒண்ணைக் கட்டிப்போட்டு வைக்கவா? சைக்கிள்தான் இருக்கு." வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான். "கேரியர் கெட்டியா இருக்கும். வேணும்னா எடுத்துக்கங்க."

அவன் அந்த வரியைச் சொல்லவே இல்லை. சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போனான். சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது குழாய்க்காரருக்கு.

மறுநாள் விடிகாலை நாலரை மணிக்குக் கிளம்பினார்கள். கேரியரில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பாத்திரம் மடியில். தெருவிளக்குக்குத் தெருவிளக்கு அவர்கள் நிழல் முன்னால் ஓடிப் பின்னால் வந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அவர் முட்டி சத்தம் போட்டது.

"உங்க முட்டியா, சைக்கிளா?"

"ரெண்டும்தான்."

"நான் இறங்கி நடக்கட்டா?"

"உக்காரு. ஒம்பது கிலோமீட்டர். நீ நடந்தா ஏழு மணி ஆகும்."

அவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியது. ஒரு நாய் கூடவே ஓடிவந்து, இவர்கள் போகிற வேகத்தைப் பார்த்துச் சலித்து நின்றுவிட்டது. ஓட்டுக் கிடங்குக்கு எதிரே, பாலத்து ஏற்றத்தில், அவரால் முடியவில்லை. இருவரும் இறங்கி நடந்தார்கள். அவர் சைக்கிளைத் தள்ளினார்.

"பெட்ரோல் மூடி" என்றார்.

"என்ன?"

"மழையில நான் அடைச்ச ஓட்டை. அது காத்து போறதுக்கு. அதை அடைச்சதாலதான் இங்க நின்னுச்சு. ரெண்டு தடவையும்."

அவள் நடந்துகொண்டே இருந்தாள். செருப்புச் சத்தம் மாறவில்லை.

"எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம். இங்கயே. இந்த இடத்துல."

"கார்புரேட்டர்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏன், உண்மையைச் சொன்னா என்ன பண்ணியிருப்பேன்?"

"திட்டியிருப்ப."

"திட்டியிருப்பேன். நல்லாவே திட்டியிருப்பேன். அன்னிக்கே கேட்டேனேன்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் விட்டிருக்க மாட்டேன். நீங்களும் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்து கேட்டிருப்பீங்க." அவள் மூச்சு வாங்க நின்றாள். "அந்த ஒரு மணி நேரமும் உங்க கை ரெஞ்சுப் பக்கம் போயிருக்காது."

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். கிழக்கே சாம்பல் நிறம்.

"இப்பத் திட்டு."

"இப்பத் தெம்பு இல்ல. சாயங்காலம் பார்க்கலாம். ஏறுங்க, இறக்கம்தான். மணி ஆகுது."

சலவைக்கூடத்து வாசல் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தாறு. மேற்பார்வைக்கார அம்மா பதிவேட்டைத் திறந்துவைத்து, பேனாவின் சிவப்பு முனையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மனைவி நீல எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசற்கதவைத் தாண்டும்போது திரும்பி, வியர்வையில் குளித்துச் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் மனிதரைப் பார்த்தாள்.

"சாயங்காலம் நான் பஸ்ல வந்துடறேன். நீங்க அந்தச் சைக்கிளைத் தூக்கிட்டு வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஆவிக்குள் போய்விட்டாள்.

வீடு திரும்பியவர் உட்காரவில்லை. கருவிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே மெக்கானிக் வீட்டுக்குப் போனார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். மெக்கானிக் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கதவைத் திறந்து, இவரைப் பார்த்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒதுங்கினாள்.

"குழாய் இன்னும் சொட்டுதாம்மா?"

"சொட்டுது. கீழே கிண்ணம் வச்சிருக்கேன்."

அவர் மண்டி போட்டார். முட்டி இரண்டும் கத்தின. தண்ணீரை அடைத்து, குழாயின் தலையைக் கழற்றி, கிழிந்துபோன வாஷரை எடுத்துப் போட்டுப் புதியதை வைத்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. கையால் திருகி, சின்ன ஸ்பேனரால் லேசாக ஒரு அழுத்து. தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்தே பார்த்தார். குழாய் வாயில் ஒரு சொட்டு நின்றது.

மெக்கானிக் வாயில் நுரையோடு கதவருகே வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னும் கால் சுத்து விடலையாண்ணே?"

குழாய்க்காரர் ஸ்பேனரைப் பையில் போட்டார். எழுந்திருக்கச் சுவரைத் தேடினார்.

"போதும்" என்றார்.